கடலுக்கு 150 மீட்டரில் பத்து சென்ட்: முன்பணம் கொடுத்தாயிற்று, இனி என்ன?

கடிதம் எழுதிய சகோதரி ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் பல ஆண்டுகளாகக் கத்தாரில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். இருவருமாகச் சேர்த்த பணம் 14 லட்சம் ரூபாய். வங்கியில் போட்டால் வட்டி போதாது, நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, கணவரின் சித்தப்பா மகன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். உச்சிப்புளிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையே, தென்கடல் ஓரமாக, நான்கு ஏக்கரில் 'சீ வியூ' மனைப்பிரிவு. கடலுக்கு 150 மீட்டர். சென்ட் 1,40,000 ரூபாய். ஐந்து ஐந்து சென்டாக இரண்டு மனை.

இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஜேசிபி வைத்து மணல் மேடுகளைச் சமப்படுத்தி, கல் ஊன்றி, வளைவு கட்டியிருக்கிறார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, மூன்று தவணையாக 3 லட்சம் ரொக்கம் கொடுத்தாயிற்று. நிலம் நான்கு சகோதரர்களின் கூட்டுப் பட்டா. நால்வரும் மனை போடுபவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் போன ஆண்டு காலமாகிவிட்டார். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது. பத்திரத்தில் மனை என்று எழுதாமல் புஞ்சை நிலம் என்று எழுதினால் பதிவு சுலபம். மூன்று வருடத்தில் உங்களுக்கு விற்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு விலைக்கு நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மனையில் ராமேஸ்வரம் வரும் யாத்திரிகர்களுக்காக நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுவது, இன்னொன்றை விலை ஏறியதும் விற்பது என்பது இவர்கள் திட்டம்.

கேள்விகள் நான்கு. கணவர் பெயரில் வாங்கலாமா? சார் பதிவாளர் பதிவு செய்துவிட்டால் பயமில்லைதானே? விற்கும்போது வரி எவ்வளவு? வேண்டாமென்று முடிவெடுத்தால் 3 லட்சம் திரும்ப வருமா? கடைசியில் ஒரு வரி: 'சொந்தக்காரர் மூலம் வந்தது, முகம் முறிக்க முடியவில்லை.'

சகோதரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் கட்ட முடியுமா? பதிவு, வரி, யார் பெயர் என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நான்கு அறை கட்டுவது மட்டும் உறுதி என்று வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஒன்று தவறினால் உங்கள் கையில் இருப்பது வேலி போட்ட மணல்தான்.

முதல் 200 மீட்டர்

கடலோர நிலத்துக்கு ஊராட்சி, வருவாய்த்துறை, நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆகியவற்றின் சட்டங்களோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்ற ஒன்றும் சேர்கிறது. மத்திய அரசின் 2011 அறிவிக்கை, அதன்பின் 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை இரண்டும் இதைப் பேசுகின்றன. ஊரகக் கடற்கரையில், கடல் நீர் மிக அதிகமாக ஏறும்போது எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி என்பது பொது விதி. 2019 அறிவிக்கை ஒரு விலக்கு தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியென்றால் தடை 50 மீட்டராகக் குறையும், அதுவும் அந்த அறிவிக்கையின்படி தயாரித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு. பனையும் கருவேலமும் நிற்கும் நீங்கள் சொன்ன இடத்தில் அத்தனை நெருக்கமாக ஆள் குடியிருப்பதாக உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றவில்லை.

200 மீட்டரைத் தாண்டிவிட்டால் விடுதலை என்றும் நினைக்க வேண்டாம். 200 முதல் 500 மீட்டர் வரையிலும் வீடு கட்டுவதை, ஏற்கெனவே இருக்கும் மீனவக் குடியிருப்புகள் போன்ற பாரம்பரிய உரிமைக்கும் வழக்கத்துக்கும் உட்பட்ட அளவில்தான் அறிவிக்கை அனுமதிக்கிறது. வெளியிலிருந்து மனை வாங்கி வாடகை அறை கட்டுபவர் அந்த வரையறைக்குள் வருவது கடினம். போர் போட்டுத் தண்ணீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தப் பட்டையில், வேறு வழியில்லாதபோது, குடிநீருக்கும் விவசாயத்துக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் சாதாரணக் கிணற்றில் கையால் இறைப்பது வரைதான். நான்கு அறைக்குக் குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மனை போடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் என்பார். ஊருக்குள் அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறதென்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு நுணுக்கம். 150 மீட்டர் என்று அவர்கள் அளந்தது, நீங்கள் போன அன்று தண்ணீர் நின்ற இடத்திலிருந்து. சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து. அது வரைபடத்தில் குறிக்கப்பட்ட கோடு. மத்திய அரசின் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் வரைந்து கொடுப்பது. நம் பக்கத்தில் கழியும் ஓடையும் உள்ளே புகுந்து வருகிற இடங்கள் நிறைய. கடல் நீர் ஏறி இறங்கும் கழியின் கரைக்கும் தனி அளவு உண்டு. ஆகவே முன்பக்கம் கடல் தூரமாக இருந்தாலும் பின்பக்கத்துக் கழியால் மனை மாட்டிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது ஜேசிபி. கடற்கரை மணல் மேடுகள் அந்த அறிவிக்கைகளில் முதல் வகை, அதாவது மிகவும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று பவளப்பாறை, அலையாத்திக் காடு ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் இருப்பவை. மன்னார் வளைகுடாவே தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட பகுதி. 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986-இலும் உயிர்க்கோளக் காப்பகம் 1989-இலும் இங்கே அறிவிக்கப்பட்டன. மேட்டைச் சமப்படுத்தியதே விதிமீறலாக இருக்கலாம். அப்படியானால் நாளை பசுமைத் தீர்ப்பாயத்துக்கு யாராவது போனால், அப்போது நிலத்தின் உரிமையாளராக வரிசையில் நிற்பது மனை போட்டவர் அல்ல, வாங்கியவர்கள்.

இதையெல்லாம் என் வார்த்தையை நம்பி விடவும் வேண்டாம், அவர் வார்த்தையை நம்பி வாங்கவும் வேண்டாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, இந்த நிலம் எந்த வகை மண்டலத்தில் வருகிறது, உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். பதில் வரும்வரை மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

பஞ்சாயத்து அப்ரூவலும் புஞ்சைப் பத்திரமும்

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிற வரைபடம் சுவரில் மாட்டத்தான் உதவும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும், சாலைகளையும் பொது இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி அதற்கான ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். நான்கு ஏக்கர் என்பது 16,000 சதுர மீட்டருக்கு மேல். துண்டறிக்கையில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒப்புதல் இல்லாத மனையை மனை என்று எழுதிப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. ஏற்கெனவே மனையாகப் பதிவானவற்றுக்கும், 20.10.2016-க்கு முன்னால் போடப்பட்டு 2017 விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டவற்றுக்கும் விலக்கு உண்டு. உங்களுடையது புதிதாகக் கல் ஊன்றியது. அந்தத் தடையைத் தாண்டத்தான் 'புஞ்சை என்று எழுதிவிடலாம்' என்கிறார்கள். இப்படி எழுதினால் பதிவாகவும் செய்யலாம். அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது 5 சென்ட் விவசாய நிலம். அதில் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது, வங்கி கடன் கொடுக்காது, அடுத்து வாங்க வருபவர் ஒரு வக்கீலைக் கேட்டால் அவரும் வாங்க மாட்டார். மேற்கொண்டு, உங்கள் கணவருக்கு இது தனிக் கண்ணி. வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடம் தரவில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வாங்கக் கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். மனையைப் புஞ்சை என்று எழுதியதும் நீங்களே அந்த வலையில் போய் விழுகிறீர்கள். யோசனை சொன்னவருக்கு இது தெரியாமலிருக்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் குடும்பங்களே பாதி இருக்கிற நம் கரையில் தெரியாது என்று சொல்வதும் சிரமம்.

ஒப்புதல் பெற்ற வீட்டு மனை என்றால் அவர் தாராளமாக வாங்கலாம். பணம் அவருடைய வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கிலிருந்தோ, வங்கி வழியாகவோ வர வேண்டும். உங்கள் பெயரில் வாங்குவதும் சரிதான். கணவரின் கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி பெயரில் வாங்குவதைப் பினாமி என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் பெயரில் வாங்குவதில் இன்னொரு சின்ன வசதியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சாதாரணமாக 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் ஆகிறது.

பதிவு ஆனால் போதுமா?

போதாது. சார் பதிவாளர் பார்ப்பது ஆவணத்தை. உரிமையை அவர் தீர்ப்பதில்லை. விற்பவர் முன் பத்திரத்தைக் காட்டி உரிமையை நிரூபிக்காவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு வைத்திருந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்தக் காரணத்தால்தான். விற்பவருக்கு உரிமை இல்லாவிட்டால் பதிவான பத்திரத்தால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. பட்டாவும் அப்படித்தான், வருவாய்த்துறையின் பதிவேடு அது, கிரயப் பத்திரத்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

உங்கள் நிலத்தில் விஷயம் இன்னும் தெளிவு. மூத்தவர் காலமானபோதே அவர் கொடுத்த அதிகாரப் பத்திரமும் முடிந்தது. அதை வைத்து ஏஜென்ட் அவர் பங்கை விற்க முடியாது. அவருடைய மனைவி, மகன், மகள் எல்லோரும் வாரிசுச் சான்றோடு கையெழுத்திட வேண்டும். மகள்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். எந்த மதமானாலும் மகளுக்குப் பங்கு உண்டு, அளவுதான் மாறும். கூட்டுப் பட்டாவில் உட்பிரிவும் செய்யாமல் 'நான்கு ஏக்கரில் ஐந்து சென்ட்' என்று வாங்கினால், அது எந்த ஐந்து சென்ட் என்பதே பின்னால் வழக்காகும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான நிலம் ஒரு காலத்தில் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் குடியானவர்களுக்குப் பட்டா ஆனது. ஆகவே தாய்ப் பத்திரம் என்று ஒன்றை நீட்டினால், அதற்கும் பின்னால், அப்போது கொடுத்த நிலவரித் திட்டப் பட்டா வரை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் புறம்போக்கு, கோயில், வக்ஃப் என்று எதிலாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதாலேயே இவை இல்லை என்று ஆகாது. பதிவாகாத விஷயம் வில்லங்கத்தில் வராது.

மூன்று லட்சம்

இதில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் நிலை பலமானது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. 14 லட்சத்தில் 10 சதவீதம் 1,40,000. அவர் வாங்கியது இரண்டு மடங்குக்கும் மேல். அசையாச் சொத்து வியாபாரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தை மீறுவது, அபராதம் வாங்கியவருக்கு. விளம்பரத்தில் பொய் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால் வட்டியோடு திருப்பிக் கேட்க 12-ஆம் பிரிவு வழி செய்கிறது. திட்டம் பதிவாகவில்லை என்பதால் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது தவறான எண்ணம். பதிவு செய்யாததே அவர்மேல் தனிக் குற்றச்சாட்டு.

முதலில் வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையோடு. அதில் நான்கு விஷயம் மட்டும் கேட்டால் போதும்: நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண், ரியல் எஸ்டேட் பதிவு எண், மூத்தவரின் வாரிசுகள் கையெழுத்திட்ட ஆவணம், கடற்கரை மண்டலச் சான்று. 15 நாளில் இவற்றைக் காட்ட முடியாவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பு என்று முடிக்கலாம். பலர் இந்தக் கட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மனை விற்கிற நேரத்தில் தன் பெயர் புகாரில் அடிபடுவதை யாரும் விரும்புவதில்லை. கொடுக்காவிட்டால் ரியல் எஸ்டேட் ஆணையம் அல்லது ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்குக்கு மூன்று ஆண்டு காலக்கெடு. கடைசித் தவணைக்குப் பிறகு 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று இழுப்பதெல்லாம் இந்தக் கணக்கைத் தின்பதற்குத்தான்.

20 ரூபாய்த் தாள் செல்லாது என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மை. பதிவாகாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. பணம் வாங்கியதற்கு அந்தத் தாளும் ரசீதும் சாட்சி. துண்டறிக்கை, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள்.

ஒன்றரை மடங்கு விலைக்குத் திரும்ப எடுப்பதாகச் சொன்னதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். 14 லட்சத்துக்கு மூன்று ஆண்டில் 21 லட்சம் தருவேன் என்று ஒருவர் உறுதி சொன்னால் அது நில வியாபாரமாகத் தெரியவில்லை, வட்டிக்குப் பணம் திரட்டுவதாகத் தெரிகிறது. அது உடைந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் வரிசையில் நிற்க வேண்டி வரும். விலை ஏறும் என்று நம்பினால் அவரே அல்லவா நிலத்தை வைத்துக்கொள்வார்?

வரி பற்றிச் சுருக்கமாக. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேர்த்து உங்கள் விகிதத்தில். கணவர் பெயரில் இருந்து அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே விற்றால், தொகை சிறியதானாலும் வாங்குபவர் கூடுதல் விகிதத்தில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதனால் வாங்க வருபவர்கள் தயங்குவார்கள். உங்கள் பெயரில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலோர நிலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025-இல் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள், ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று அறிவிப்பும் வந்தது. விலை ஏறும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்த ஏற்றம் கட்ட முடிகிற நிலத்துக்குத்தான் வரும். உங்கள் 14 லட்சத்துக்குக் கடலிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், உச்சிப்புளி சாலையோரமோ, பட்டினம்காத்தான் பக்கமோ, ஒப்புதலும் பதிவு எண்ணும் உள்ள ஒரே மனையைப் பாருங்கள். கடல் தெரியாது, பரப்பும் குறையும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கண்மாய் வரத்துக்கால் எந்த வழியாகப் போகிறதென்று அப்போதுதான் தெரியும். பங்குனி வெயிலில் எல்லா நிலமும் மேட்டு நிலம்தான்.

உங்கள் கொழுந்தனார் விஷயம். பதிவு பெறாத திட்டத்தின் மனையை விற்றுக் கொடுக்கும் தரகருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. அவருக்கு அது தெரிந்திருக்காது. நோட்டீஸ் போவதற்கு முன்பு உங்கள் கணவரை விட்டு அவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்: 'வக்கீல் நாலு காகிதம் கேட்கிறார், வாங்கிக் கொடு.' அவர் நேர்மையாக நடந்தவர் என்றால் அவரே போய்க் கேட்பார், அங்கே கிடைக்கிற பதில் அவருக்கும் உதவும். ஒன்று மட்டும்: அசல் ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் 'சரிபார்த்துத் தருகிறேன்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள்.